மலை வாங்கும் உதை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது காற்றின் குணமே மாறிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் முந்தானையை இழுத்துச் செருகுவார்கள், கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைப்பார்கள். இரண்டு பக்கமும் காற்றாலைகள். காவல்கிணறு, பணகுடி என்று ஊர்கள் நகர நகர மேற்கே ஒரு மலை கூடவே வரும். ஆனி, ஆடி மாதமென்றால் அதன் உச்சியை மேகம் மூடியிருக்கும். 1,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மலைதான் மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பத் தயாராகும் ககன்யான் திட்டத்தின் கடினமான பரீட்சைகளில் பல அங்கேதான் நடந்திருக்கின்றன.

அங்கிருந்து ராக்கெட் எதுவும் கிளம்புவதில்லை. கிளம்புவதெல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவில். மகேந்திரகிரியில் எஞ்சினைக் கிளம்ப விடாமல் கட்டிப்போட்டு எரிக்கிறார்கள்.

இராமாயணத்தில் அனுமன் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து. அது இந்த மலைதான் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் நம்புகிறார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், தாவியவனைப் பற்றியது அல்ல. அவன் காலை ஊன்றி அழுத்தியபோது மலை பட்ட பாட்டைக் கவிகள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பாறைகள் பிளந்தன, குகைக்குள் இருந்த விலங்குகள் அலறின. மேலே எழ வேண்டுமென்றால் எதையாவது கீழே உதைத்தாக வேண்டும். உதைபட்டது அதே அளவு திருப்பி உதைக்கும். நியூட்டன் 1687-ல் விதியாக எழுதியதைக் கதைசொல்லிகள் கண்ணால் கண்டதுபோல் சொல்லிவைத்திருக்கிறார்கள். சோதனை மேடையில் நடப்பதும் அதுதான். வாயு கீழே பாய்கிறது, எஞ்சின் மேலே எழத் துடிக்கிறது, எழ முடியவில்லை. அந்த உதை முழுவதையும் எஃகும் கான்கிரீட்டும் வாங்கி மலைக்குக் கொடுக்கின்றன.

அங்கே நெடுநாளாகக் கட்டுண்டு எரிவது ‘விகாஸ்’ எஞ்சின். ஏறத்தாழ 80 டன் எடையைத் தூக்கும் உதை அதற்கு உண்டு. 1970-களில் பிரான்சின் வைகிங் எஞ்சின் உருவான இடத்தில் இந்தியப் பொறியாளர்கள் கூடவே இருந்து வேலை செய்தார்கள். அதற்கு ஈடாகத் தொழில்நுட்பம் நமக்கு வந்தது. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் அந்த முயற்சியில் முன்னின்றவர். இங்கே செய்த எஞ்சினை 1985-ல் பிரான்சுக்குக் கொண்டுபோய் எரித்துப் பார்த்தார்கள். பிறகு மகேந்திரகிரியில் நமக்கே மேடைகள் வந்தன. 2014 பிப்ரவரி 1 முதல் அந்த வளாகம் இஸ்ரோவின் தனி மையம்.

விகாஸைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டாம். அதன் எரிபொருளும், அதை எரிக்கும் நைட்ரஜன் டெட்ராக்ஸைடும் ஒன்றையொன்று தொட்டாலே போதும், நெருப்புதான். இரண்டும் கொடிய நஞ்சு. ஆனாலும் சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும். தொட்டால் பற்றும் என்பதால் பற்றுமா பற்றாதா என்ற கவலையும் இல்லை. நம்பகத்தன்மை என்று பார்த்தால் நல்ல குணம். ககன்யானைச் சுமக்கப்போகும் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ்கள் சேர்ந்து எரிகின்றன. பறக்கும்போது அவை எரிய வேண்டிய நேரம் ஏறக்குறைய 200 விநாடி. 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் ஒரு விகாஸை 240 விநாடி எரித்தார்கள். தேவைக்கு மேல் எரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. கோடை விடுமுறையில் மனித விண்வெளிப் பயணத்தைப் பாடமாகச் சொல்லித்தருகிற பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டில் உண்டு. 1987-ல் தொடங்கிய சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகம் தன் முதல் கோடை வகுப்பை 1988-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் நடத்தியது. பொறியாளரும் மருத்துவரும் சட்டம் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற வகுப்பு அது. நம் நாட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019-ல் ‘யுவிகா’ என்ற கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. அப்படியொரு வகுப்பு திருநெல்வேலியில், கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று நடக்க வேண்டும். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். மங்கள்யானின் திட்ட இயக்குநர் அருணன் இந்த மாவட்டத்துக் கோதைசேரிக்காரர். ஆட்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பாடத்துக்கான பொருளும் குற்றால அருவியிலிருந்து மகேந்திரகிரி வரை கண்ணெதிரே கிடக்கிறது.

அந்த வகுப்பை நான் ஒரு குடத்திலிருந்து தொடங்குவேன். தாமிரபரணியில் மொண்ட ஒரு குடம் தண்ணீர் 15 லிட்டர் என்றால் எடையும் 15 கிலோ. அதே குடம் நிறையத் திரவ ஹைட்ரஜன் எடுத்தால் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். தூக்கிப் பார்த்தால் காலிக்குடமோ என்று தோன்றும். எல்.வி.எம்.3-ன் உச்சிப் பகுதியில் உள்ள சி.இ.20 என்ற கிரையோஜெனிக் எஞ்சின் எரிப்பது இந்த ஹைட்ரஜனைத்தான். அது திரவமாக இருக்க வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் வேண்டும். கூடவே வரும் திரவ ஆக்ஸிஜனுக்கு 183 டிகிரி. இந்த இரண்டு குளிரும் சந்திக்கும் அறைக்குள் வெப்பமோ 3,000 டிகிரிக்குப் போகிறது. உறைகுளிருக்கும் உலோகத்தை உருக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவருக்குள் குளிர்ந்த ஹைட்ரஜன் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அது உருகாமல் நிற்கிறது.

ஹைட்ரஜன் எரிந்தால் என்ன மிஞ்சும்? தண்ணீர். கிரையோஜெனிக் எஞ்சின் எரியும்போது பொங்கிவரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவிதான். சாம்பலுக்குப் பதில் தண்ணீரைத் தருகிற நெருப்பு மகேந்திரகிரி அடிவாரத்தில் எரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த நெருப்பை வசப்படுத்த நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1990-களின் தொடக்கத்தில் ரஷ்யாவிடமிருந்து வரவிருந்த தொழில்நுட்பம் அமெரிக்காவின் எதிர்ப்பால் நின்றுபோனது. எஞ்சின்கள் வந்தன, செய்முறை வரவில்லை. நாமே செய்த முதல் கிரையோஜெனிக் எஞ்சின் 2010 ஏப்ரல் 15 அன்று பறந்தது. ஹைட்ரஜனைத் தள்ளிக்கொடுக்க வேண்டிய பம்ப் கண நேரத்தில் நின்றுவிட, ராக்கெட் கடலில் விழுந்தது. அதன்பிறகு, மேலே இருக்கும் வெற்றிடத்தைக் கீழேயே உண்டாக்கி, அதற்குள் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்க்கும் சோதனை மகேந்திரகிரியில் நடந்தது. 2014 ஜனவரி 5 அன்று மறுபடி பறந்தபோது வெற்றி.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 12-ல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 ராக்கெட் தோற்றது. காரணம், ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒரு வால்வு கசிந்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்தது, பம்ப் தடுமாறியது, எஞ்சினுக்கு எரிபொருள் போய்ச் சேரவில்லை. கிணற்றில் பம்ப்செட் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டார் காற்று வாங்கும். ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. கிணற்றடியில் என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி போடலாம். 100 கிலோமீட்டருக்கு மேலே யார் போய் நிறுத்துவது?

அன்று அந்த ராக்கெட்டின் தலையில் இருந்தது ஒரு செயற்கைக்கோள். இழப்புதான், பெரிய இழப்புதான். ஆனால் யாரும் அழைத்துச் சொல்ல வேண்டிய குடும்பம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மனிதப் பயணத்துக்கான பொறியியல் தொடங்குகிறது. செயற்கைக்கோளைத் தூக்கிய எஞ்சின் மனிதரைத் தூக்கவும் தகுதியானது என்று எப்படிச் சொல்வது? மகேந்திரகிரியில் அதற்கு விடை விநாடிக்கணக்கில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 13 அன்று சி.இ.20-க்கு அந்தத் தகுதிச் சோதனை முடிந்தது. நான்கு எஞ்சின்கள், 39 முறை, மொத்தம் 8,810 விநாடி. குறைந்தபட்சம் தேவையென வகுத்திருந்தது 6,350 விநாடி. ஒரு பயணத்தில் இந்த எஞ்சின் எரிய வேண்டியது பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். தரையில் கட்டிப்போட்டு எரித்ததோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், ஒரு தமிழ்ப் படம் ஓடும் நேரம். அதை ஒரே நிலையில் நிம்மதியாக எரியவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, எரிபொருள் விகிதத்தை மாற்றி, எஞ்சினுக்கு எதெல்லாம் பிடிக்காதோ அதையெல்லாம் கொடுத்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பக்கமும் விசாரிப்பதுபோல. பெண்ணைக் கொடுக்கப்போகிறோம் அல்லவா.

இனி அந்த எஞ்சின்மேல் ஏறி உட்காரப்போகும் உடலைப் பற்றி. இங்கே மகேந்திரகிரியை விட்டுக் குற்றாலத்துக்குப் போவோம். அங்கே விழும் தண்ணீர் சிற்றாறாகி, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது; ஆக அதுவும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாடம்தான். விண்வெளியில் மிதப்பதற்குக் காரணம் அங்கே ஈர்ப்பு இல்லாததுதான் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் சில நேரம் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். ககன்யான் போகவிருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இங்கே இருப்பதில் நூற்றுக்கு 88 பங்கு அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அருவியில் விழும் ஒரு துளியைப் பாருங்கள். பாறை விளிம்பை விட்ட கணத்திலிருந்து அடுத்த பாறையில் மோதும்வரை அதைத் தாங்க எதுவும் இல்லை. அதற்கு எடை தெரியாது. பக்கத்துத் துளியும் அதே வேகத்தில் விழுவதால் இரண்டும் ஒன்றுக்கொன்று மிதப்பதாகவே இருக்கும். நம் தலையில் விழும்போதுதான் அந்த எடை நமக்குத் தெரிகிறது.

விண்கலமும் அப்படி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு விநாடியில் அது சுமார் 4.3 மீட்டர் கீழே விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் 7.6 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்தத் தூரத்தில் உருண்டையான பூமியும் அதே 4.3 மீட்டர் வளைந்து விலகிவிடுகிறது. விழுந்தாலும் தரை வந்து சேராத அருவி. எஞ்சின்கள் இவ்வளவு பாடுபடுவது உயரத்துக்காக என்பதைவிட இந்த வேகத்துக்காகத்தான்.

முடிவில்லாமல் விழும் உடலுக்கு என்ன ஆகும்? நாம் நிற்கும்போது இரத்தமும் நீரும் காலை நோக்கி இறங்கப் பார்க்கும். இதயம் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எடை போனதும் அந்த நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. முகம் உப்புகிறது, மூக்கு அடைக்கிறது, கால் மெலிகிறது. காதுக்குள் மேல் கீழ் சொல்லும் உறுப்பு குழம்புவதால் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல். மாதக்கணக்கில் தங்கினால் இடுப்பெலும்பு மாதம் சுமார் ஒரு சதவீதம் கரைகிறது. ககன்யானின் திட்டம் மூன்று நாள் என்பதால் எலும்பைப் பற்றிக் கவலை இல்லை. குமட்டல்தான் முழுதாக வந்து சேரும்.

இதைவிட வியப்பானது மூச்சு. வீட்டில் ஓர் அகல் விளக்கை ஏற்றினால் சுடர் மேல்நோக்கிக் கூம்பாக நிற்கிறது. சூடான காற்று லேசாகி மேலே போவதும் குளிர்ந்த காற்று அடியில் வருவதும் அதற்குக் காரணம். எடையே இல்லாத இடத்தில் லேசு ஏது, கனம் ஏது? அங்கே சுடர் நீல நிறத்தில் சின்னக் கோளமாகச் சுருண்டுவிடும். தூங்குகிறவர் விடும் மூச்சும் அப்படித்தான். தரையில் நம் மூச்சுக்காற்று சூடாக இருப்பதால் தானே மேலே போய்விடுகிறது. அங்கே முகத்தெதிரே மேகமாக நின்றுவிடும். விசிறி நின்றால், கலம் முழுக்கக் காற்று இருந்தும் ஒருவர் தான் விட்ட கரியமில வாயுவையே இழுத்து மூச்சுத் திணறலாம். ஒரு மனிதர் ஒரு நாளில் சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இந்தப் பள்ளத்தாக்கில் அதை வயல்களும் பொதிகைக் காடுகளும் கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. விண்கலத்தில் அதை உறிஞ்ச ஒரு பெட்டி வேண்டும். 1970-ல் அப்போலோ 13 கலம் பழுதானபோது அந்தப் பெட்டிகள் போதாமல்போய், சதுரப் பெட்டியை வட்டத் துளையில் பொருத்த உறைகளையும் ஒட்டு நாடாவையும் வைத்து மூன்று பேர் உயிரைக் காத்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். தாமிரபரணியின் குறுக்குத்துறையில் முங்கிக் குளித்து வளர்ந்த ஒருவருக்கு இந்த எண் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ராக்கெட் தவறினால்? அதற்குத்தான் கலத்தின் தலைமேல் ஒரு தப்பிக்கும் ராக்கெட். கீழே கோளாறு என்று தெரிந்த கணத்தில் வீரர்களின் கூடத்தைப் பிடுங்கிக்கொண்டு விலகிப் பறந்துவிடும். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் அதைச் சோதித்தார்கள். தூக்கிச் சென்றது, சற்றே மாற்றியமைத்த ஒற்றை விகாஸ். கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பலர் முகம் வாடியது. எனக்கு அந்த நிறுத்தம்தான் அன்றைய பெரிய செய்தியாகப் பட்டது. சந்தேகம் வந்தால் நில் என்று ஓர் இயந்திரத்துக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அது நின்றது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். கூடம் பத்திரமாகக் கடலில் இறங்கியது. 2025 ஆகஸ்ட் 24 அன்று, ஏறக்குறைய ஐந்து டன் எடையுள்ள மாதிரிக் கூடம் ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டு பாராசூட்டுகளைச் சோதித்தார்கள். மொத்தம் பத்து பாராசூட், பெரியவை மூன்று. மூன்றில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டும் இறக்கிவிடும்.

மகேந்திரகிரியிலும் அதே எண்ணம் வேறொரு வடிவில் எரிந்தது. வீரர்களின் கூடத்தோடு ஒட்டிச் செல்லும் சேவைக் கலத்தில் ஐந்து பெரிய எஞ்சின்களும் திசை திருப்பும் 16 சிறு எஞ்சின்களும் உண்டு. 2025 ஜூலை 11 அன்று அவற்றை 350 விநாடி எரித்தார்கள். பயணம் ஒழுங்காக நடந்தால் எப்படி எரிய வேண்டும் என்பதற்கான சோதனை அல்ல அது. நடக்கக் கூடாதது நடந்து, பாதியில் திரும்ப வேண்டிவந்தால் எப்படி எரிய வேண்டும் என்பதற்கானது.

அந்தச் சோதனை நடந்த நாளில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தார். 1984-ல் சோவியத் கலத்தில் போன ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு விண்வெளிக்குப் போன இந்திய விமானப்படை வீரர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனோடும் மற்ற இருவரோடும் ககன்யானுக்காகப் பயிற்சி பெற்றவர். அவரைச் சுமந்த அமெரிக்க ராக்கெட் 2025 ஜூன் 11-ல் கிளம்ப வேண்டியது. அதில் திரவ ஆக்ஸிஜன் கசிவது தெரிந்தது. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அங்கேதான் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், எல்.வி.எம்.3-ன் கிரையோஜெனிக் பகுதிக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எங்கே எப்படிக் கசியும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்த மனிதர். முழுதாகச் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும் என்று தம் குழு வலியுறுத்தியதை அவர் பின்னர் சொன்னார். இரண்டு வாரம் தள்ளி, ஜூன் 25 அன்று சுக்லா புறப்பட்டார். ஜூலை 15 அன்று நலமாகத் திரும்பினார்.

அவர் அங்கே இருந்த நாட்களில் விண்வெளி நிலையம் பலமுறை நம் வானத்தைக் கடந்தது. இன்றும் கடக்கிறது. சூரியன் மறைந்து சற்று நேரத்தில், நாள் பார்த்துக் கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் நின்றால், கண் சிமிட்டாத ஒரு வெளிச்சம் வானில் நிதானமாக நகர்வதைப் பார்க்கலாம். பொதிகை உச்சியில் ஊறும் தண்ணீர் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் என்று வளைந்து வளைந்து 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அந்த இரண்டு முனைக்கும் நடுவே உள்ள நேர்த்தூரத்தைக் கடக்க, மேலே போகிறவருக்குக் கால் நிமிடம் கூட ஆகாது.